இணையாக ஆடுவோர் கேட்டவை: பட்மின்டன் இரட்டையர் குறித்துச் சில பதில்கள்

எனக்கு 16 வயது. மாவட்டப் போட்டியில் ஒற்றையரில் தோற்ற பின்னர், "உனக்கு ஒற்றையர் சரிவராது, இரட்டையருக்குப் போ" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஒற்றையரில் முடியாதவர்களுக்கான இடமா இரட்டையர்?
– மாணவர், புதுக்குடியிருப்பு

தம்பி, அவர் சொன்ன விதம் உங்களை நோகச் செய்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த எண்ணத்தோடு நீங்கள் இரட்டையருக்குள் நுழைந்தால் ஒருபோதும் அதைக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்பதால், முதலில் அதைத்தான் களைய வேண்டும்.

இரண்டும் ஒரே களத்தில் ஆடப்படும் வெவ்வேறு ஆட்டங்கள். களத்தின் நீளம் இரண்டுக்கும் 13.40 மீற்றர்தான், ஆனால் அகலம் ஒற்றையருக்கு 5.18 மீற்றராகவும் இரட்டையருக்கு 6.10 மீற்றராகவும் இருக்கிறது. இரட்டையரில் சேர்விஸ் விழ வேண்டிய பின்கோடு களத்தின் எல்லைக் கோட்டிலிருந்து 0.76 மீற்றர் உள்ளே வருவதால், பந்தை உயரத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு மூச்சு வாங்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. 2018 முதல் சேர்விஸ் அடிக்கும் கணத்தில் இறகுப்பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். வலையோ நடுவில் 1.524 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதாவது, பந்து மேலேறித்தான் வலையைத் தாண்ட வேண்டும். தாண்டும் இடத்திலேயே அதை அடித்து நொறுக்க எதிரணியில் ஒருவர் முன்கோட்டை ஒட்டிக் காத்திருக்கிறார். ஆகவே பெரும்பாலான புள்ளிகள் முதல் நான்கு அடிகளுக்குள்ளேயே ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகின்றன.

இதிலிருந்துதான் இரட்டையரின் சாரம் பிறக்கிறது. ஒற்றையரில் நீங்கள் அடிக்கும் அடிக்குப் பின்னால் வருவதும் உங்கள் அடியே. இரட்டையரில் அது பெரும்பாலும் உங்கள் துணைவருடையது. அவர் இலகுவாக அடித்து முடிக்கும்படி எதிராளியிடமிருந்து ஒரு நலிந்த பந்தை வரவழைத்துக் கொடுப்பதே உங்கள் வேலை. இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் இருவருமே உயரமானவர்கள், பின்களத்திலிருந்து வன்மையாக ஸ்மாஷ் அடிக்கப் பழகியவர்கள். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களை இணைத்தபோது, சிராக் வலைக்கு அருகில் ஆடும் கலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அந்த இணை 2022 இல் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்று, 2023 ஒக்டோபரில் உலகத் தரவரிசையின் முதலிடத்தை அடைந்தது. சிராக் முன்னே வந்து நின்றதை எவரும் ஒரு படி இறங்கியதாகக் கருதவில்லை. உங்கள் பயிற்சியாளர் காரணத்தைச் சரியாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சரியான கதவையே காட்டியிருக்கவும் கூடும்.

மகளோடு நான்கு ஆண்டுகளாக ஆடிய பிள்ளை குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாள். மகள் ரக்கெட்டைத் தொடவே மறுக்கிறாள். இனி அவளுக்கு எதிர்காலம் உண்டா?
– தாயார், வவுனியா

அம்மா, உங்கள் மகளின் துக்கத்தை நான் அறிவேன். இடப்பெயர்வொன்றில் என் இணையைப் பிரிந்தவன் நான். அடுத்த ஆண்டு வேறொருவரோடு களத்தில் நின்றபோதும், பந்து வலப்பக்கம் போனால் அவர் அங்கே இருப்பார் என்று என் உடம்பு வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. ஆகவே சில வாரங்கள் அவளை அவள் போக்கில் விடுங்கள்.

பிரிவு இந்தத் தொழிலின் ஒரு பகுதி என்பதையும் அவள் அறிய வேண்டும். உலகத் தரவரிசையில் கடந்த 52 வாரங்களில் கிடைத்த சிறந்த பத்துப் பெறுபேறுகள் கணக்கில் எடுக்கப்படுகின்றன. இரட்டையரில் அந்தப் புள்ளிகள் இணைக்கு உரியவை. இணை கலைந்தால் புதிய இணை கீழிருந்துதான் ஏற வேண்டும். ஆனால் கை கற்றது கையோடு இருக்கும். இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியாவான், மார்கிஸ் கிடோவோடு 2007 இல் உலகச் சம்பியனாகி 2008 இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். பின்னர் அந்த இணை பிரிந்து, முகமது அசானோடு சேர்ந்தவர் 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார். கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 35.

வெளிநாட்டுப் பயணமும் திருமணமும் வேலைமாற்றமும் வன்னியில் எந்த இணையையும் எப்போதும் பிரிக்கலாம் என்பதால், பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையை ஒரே துணையோடு, ஒரே பக்கத்தில் மட்டும் வளர்க்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது இணைகளை மாற்றி ஆடவிடுங்கள்.

எங்கள் பாடசாலையில் உள்ளக அரங்கு இல்லை. சீமெந்துத் தரையில் திறந்தவெளியில்தான் ஆடுகிறோம். இரட்டையருக்கு இப்படிப் பயிற்றுவிக்க முடியுமா?
– ஆசிரியர், மாங்குளம்

முடியும், சில பகுதிகளை மட்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயரப் போகும் பந்தை வைத்து எதையும் கற்பிக்க முயல வேண்டாம். காற்றோடு போராடிப் பழகிய பிள்ளை, உள்ளக அரங்குக்குப் போனதும் பின்கோட்டுக்கு அப்பால் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் இரட்டையரின் உயிரான தாழ்ந்த சேர்விஸ், வலையோர ஆட்டம், நெஞ்சு மட்டத்தில் பறக்கும் டிரைவ் ஆகியவற்றுக்கு உயரமும் தேவையில்லை, பெரிய இடமும் தேவையில்லை. வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கயிறொன்றைக் கட்டி, அந்த இடைவெளியினூடாக நாள்தோறும் ஒவ்வொருவரும் நூறு சேர்விஸ் போடட்டும். வகுப்பறைச் சுவரில் டிரைவ் அடிக்கச் செய்யுங்கள். சுவர் திருப்பியனுப்பும் வேகத்துக்குக் கை பழகும்போது ரக்கெட்டைத் தாழ்த்தாமல் முன்னே பிடிக்கும் வழக்கம் தானாக வரும். காற்றுக் குறைந்த அதிகாலையே இதற்குச் சிறந்த நேரம்.

நைலோன் பந்து மலிவானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அது பறக்கும் விதமும் வேகம் இழக்கும் விதமும் வேறு. போட்டிக்குரிய இறகுப்பந்தில் 16 இறகுகள் உண்டு, நிறை 4.74 முதல் 5.50 கிராம் வரை. போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களேனும் பிள்ளைகள் அதனோடு பழக வேண்டும். எங்கள் பகுதியின் வறண்ட வெயிலில் இறகுகள் காய்ந்து விரைவில் முறிந்துவிடுவதால், முதல் நாள் இரவு பந்துகள் அடைத்துவரும் குழாயின் இரு முனைகளையும் திறந்து கொதிநீர் ஆவியைச் சிறிது நேரம் உள்ளே விட்டு மூடி வைத்தால், அடுத்த நாள் அவை நெடுநேரம் தாங்கும். வெப்பத்தில் பந்து கூடுதல் வேகமாகவும் பறக்கும் என்பதால், வாங்கும்போது 77 ஐ விட்டு 75 அல்லது 76 என்ற வேக இலக்கத்தைக் கேளுங்கள்.

சீமெந்துத் தரையில் பாய்ந்து விழும் பயிற்சிகளும் தொடர்ச்சியான குதிப்புகளும் வேண்டவே வேண்டாம். முழங்கால் போனால் திரும்பி வருவது கடினம்.

உயர்தரப் படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் விளையாடப் போவதாக மகன் சொல்கிறான். இதை வைத்துப் பிழைக்கலாமா?
– விவசாயி, மல்லாவி

ஐயா, கணக்கைச் சொல்கிறேன். நீங்களும் மகனும் சேர்ந்திருந்து பாருங்கள். 2018 இல் தொடங்கிய சர்வதேசப் போட்டித் தொடரான உலகச் சுற்றில் சுப்பர் 1000, 750, 500, 300, 100 எனப் படிகள் உண்டு. அவற்றுக்குக் கீழேயும் மூன்று வகைச் சர்வதேசப் போட்டிகள் நடக்கின்றன. மொத்தப் பரிசு 240,000 அமெரிக்க டொலராக உள்ள ஒரு சுப்பர் 300 போட்டியில் ஒற்றையர் சம்பியன் 18,000 டொலர் பெறுகிறார். இரட்டையர் சம்பியன்களுக்கு 18,960 டொலர், ஆனால் அது இருவருக்கும் சேர்த்து, ஆளுக்கு 9,480. இது வென்றவர்களின் நிலை. ஆரம்பச் சுற்றுகளில் தோற்பவர்களுக்குக் கிடைப்பது விமானச் சீட்டுக்கே காணாது. கீழ்ப்படிப் போட்டிகளில் கைக்காசு செலவழித்தே புள்ளி சேர்க்க வேண்டும்.

ஆகவே உயர்தரத்தை விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரட்டையர் பொறுமையாக முதிரும் ஆட்டம். பரீட்சைக்காக நாளில் சில மணிநேரம் குறைவதால் அது கெட்டுப்போவதில்லை. பயிற்றுநர், நடுவர் தகுதிகளையும் ரக்கெட்டுக்கு நரம்பு கட்டும் தொழிலையும் இப்போதே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். நல்ல பயிற்றுநருக்கு எங்கள் மாவட்டங்களில் இருக்கும் தேவை பெரிது. அதே வேளை அவனைத் தடுத்தும் விடாதீர்கள். தேசிய மட்டத்தில் தொடர்ந்து அரையிறுதிக்கு வரத் தொடங்கினால், அப்போது மறுபடியும் எழுதுங்கள்.

பேத்தியைக் கலப்பு இரட்டையரில் ஆடச் சொல்கிறார்கள். ஆண்பிள்ளையோடு சேர்ந்து ஆடுவது எங்களுக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற அதிபர், கிளிநொச்சி

1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் மதிப்புள்ள பிரிவு அது. பயிற்சி வெளிச்சமான இடத்தில், பெரியவர்கள் பார்க்கும்படி நடந்தால் தயக்கத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. முடிவைப் பேத்தியைக் கேட்டே எடுங்கள். அவள் விரும்பாவிட்டால் பெண்கள் இரட்டையரிலும் உயரங்கள் உண்டு: மலேசியத் தமிழ்ப் பெண் தீனா முரளிதரன், பேர்ளி டானோடு இணைந்து 2022 இல் பொதுநலவாயத் தங்கமும் 2025 இல் உலகச் சம்பியன்ஷிப் வெள்ளியும் வென்றிருக்கிறார்.

நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சண்டை வருகிறது. எப்படித் தீர்ப்பது?
– இரு மாணவிகள், பரந்தன்

பக்கம் பக்கமாக நின்று தடுக்கும்போது, பந்து புறப்படும் இடத்துக்கு நேரே நிற்பவர் தன் பக்கக் கோட்டைக் காக்க வேண்டியிருப்பதால், குறுக்கே நிற்பவரே நடுவை எடுப்பது பொது வழக்கம். ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் இதை மாற்றியமைக்க வேண்டிவரும். இருவரும் ஒருவர்பின் ஒருவராகப் பந்தை அடித்துவிட்டால் அது தவறாகி எதிரணிக்குப் புள்ளி போகும் என்பதால், ஒருவர் தொட்டதை மற்றவர் தொடவே கூடாது. அடுத்த பயிற்சியில் புள்ளி எண்ணாமல் அரைமணி நேரம் நடுப்பந்து மட்டுமே போடச் சொல்லி, எடுக்கப் போகிறவர் "நான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். சொல்லாமல் அடித்தால், பந்து உள்ளே விழுந்தாலும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.