நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் புதிதாக வந்திருக்கின்றன. உடல்நலத்தில் எதை முதலில் கவனிப்பது?

45 நாள் நாய்க்குட்டியும் கிட்டத்தட்ட அதே வயதுப் பூனைக்குட்டியும் வீட்டுக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் டாக்டரே அட்டையில் தேதி போட்டுக் கொடுத்துவிடுவார். தினமும் உடம்பைத் தடவிப் பார்ப்பது மட்டும் நம் வேலை. நான் தவறவிட்டது அதைத்தான்.

எங்கள் வீட்டு நாட்டு நாய் கருப்பனுக்கு அப்போது மூன்று வயது. ஒரு சித்திரை மாதம், இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வெயிலுக்குத்தான் இப்படி என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியிருந்தது. டாக்டர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. கழுத்துப் பட்டைக்கு அடியில் கைவிட்டால், ஆமணக்கு விதை போல ஊதிக் கிடந்த உண்ணிகள் ஏழெட்டு.

உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் ஏறுகிற கிருமி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. மூக்கில் ரத்தம் வந்தது அதனால்தான். 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பிழைக்க வைத்தோம். இரண்டு நாள் முன்பே நான் அந்தப் பட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

அதனால் ராத்திரி பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காது மடலின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, பட்டைக்கு அடி, வாலின் அடி எல்லாம் விரலால் தடவுங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். நசுக்கவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ, சூடு வைக்கவோ வேண்டாம். அப்புறம் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கிற நாய் என்றால், கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். நன்றாக இருக்கும்போது நிறம் எப்படி என்று தெரிந்தால்தான், மாறும்போது கண்ணில் படும்.

நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கிவிடாதீர்கள், அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்துத்தான் அளவு. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். பூனைக்கும் கட்டாயம் போடுங்கள். குட்டி உங்களைக் கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பூனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் அப்படித்தான். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். மருந்து தடவிய நாயை அது காயும்வரை பூனையிடம் விடாதீர்கள்.

உங்கள் பூனைக்குட்டி ஆண் என்றால் பின்னால் ஒன்று உதவும். மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். நடுராத்திரியானாலும் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.