சொல்லிக்கொடுத்தவர் இப்போது உங்களுக்குக் கீழே

கேள்வி: தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 29. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் பட்டுச்சேலை செக்‌ஷனுக்கு என்னை ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குச் சேலை மடிக்கவே சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி இப்போது எனக்குக் கீழே. இரண்டு பேருக்கும் தென்காசிப் பக்கம்தான் ஊர். வாடிக்கையாளர் முன்னாலேயே “ஏட்டி, இங்க வா” என்கிறார். நான் கவுண்டரை மாற்றிப் போட்டால், “இதெல்லாம் சரிப்படாது” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறார். முதலாளியிடமும் நேராகப் போய்விடுகிறார். கண்டித்தால் நன்றி கெட்டவள் என்பார்கள். விட்டால் மற்றவர்களும் என்னை மதிக்க மாட்டார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. “ஏட்டி” ஒன்று, கவுண்டர் பற்றிய எதிர்ப்பு ஒன்று, முதலாளியிடம் போவது ஒன்று. மூன்றையும் சேர்த்து “என்னை மதிக்கவில்லை” என்று அவரிடம் போய் நின்றால், அவருக்கும் அது சண்டையாகத்தான் படும்.

“ஏட்டி”தான் சுலபமானது. நீங்கள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டிருங்கள். பதவி வந்ததும் “சார்” என்று மாறுவது அவருக்குக் குத்தும். தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு கடைகளில் பாதி நிர்வாகம் இந்த முறைசொல்லில்தான் ஓடுகிறது. கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வாரநாள் காலையில், டீ குடிக்கும் இடத்தில் பேசுங்கள். ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டாலே அது விசாரணை ஆகிவிடும். “அண்ணாச்சி, நாம மட்டும் இருக்கப்ப எப்படி வேணா கூப்பிடுங்க. கஸ்டமர் முன்னாடி மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நான் சொல்ற விலைய அவங்க நம்பணும்ல?” அவ்வளவு போதும். பேச வாய்ப்புக் கிடைத்ததே என்று மற்ற குறைகளையும் அப்போதே கொட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அன்றைக்கு அந்த ஒன்றைப் பேசிவிட்டு டீயைக் குடித்து முடியுங்கள்.

கவுண்டர் விஷயத்தில் உங்கள் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மாற்றுவதற்கு முன் அவரிடம் கேட்டீர்களா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. எந்த விளக்குக்குக் கீழே பட்டின் நிறம் ஏமாற்றும், முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பெரிய குடும்பத்தை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைப்பழக்கத்தில் இருக்கும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்குவது உங்கள் வேலை. ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். “மாத்தலாமா?” என்றால் அனுமதி கேட்கிறீர்கள், அப்புறம் அவர் வேண்டாம் என்றால் கோபப்பட முடியாது. “இப்படி மாத்தப் போறேன் அண்ணாச்சி, எங்க இடிக்கும்னு சொல்லுங்க” என்றால் முடிவு உங்களிடமே இருக்கும், அவர் அனுபவமும் வீணாகாது. அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொண்டால், காலையில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசும்போது அது அவர் யோசனை என்று சொல்லிவிடுங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் காரணத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

அவர் வாய்விட்டு எதிர்க்கிறார் என்பது எனக்குப் பாதி நல்ல செய்தியாகவே தெரிகிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். உங்கள் செக்‌ஷனிலும் அப்படித்தான். ஜரிகை இழுத்துப்போன சேலையையும் மாறி ஒட்டிய விலைச் சீட்டையும் அன்றைக்கே உங்களிடம் சொல்கிறார்களா, ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரிகிறதா? அண்ணாச்சியை எல்லார் முன்னாலும் அடக்கினால் அவர் மட்டும் அடங்க மாட்டார், பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் செக்‌ஷனில் ஸ்டூல் இருக்கிறதா? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018லேயே இப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரைச் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தால் சட்டம் அங்கே காகிதத்தில்தான் இருக்கும். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் “உக்காருங்க” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். முட்டி வலியோடு நிற்கிறவர்களுக்கு உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வர அது போதும்.

மூன்றாவது விஷயத்தை அண்ணாச்சியிடம் பேசிப் பயனில்லை. அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பவர் முதலாளி. அவரைக் கண்டிக்கச் சொல்லாதீர்கள். அண்ணாச்சி வந்தால் “அந்தப் பொண்ணுகிட்ட பேசியாச்சா?” என்று மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். லீவு, கவுண்டர் மாற்றம், யார் எந்தப் பக்கம் நிற்பது ஆகியவற்றில் உங்கள் முடிவே முடிவு என்பதை அவர் வாயாலேயே ஒரு தடவை எல்லாருக்கும் சொல்ல வைப்பதும் நல்லது. முதலாளி இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் உங்களுக்குக் கிடைத்தது பட்டம் மட்டும்தான். அதை இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மாதத்தில் மாற்றமில்லை என்றால் மறுபடி தனியாகப் பேசுங்கள், இந்தத் தடவை அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லி. அதற்கும் அடுத்தது முதலாளியோடு மூவரும் உட்காருவது. செக்‌ஷன் மாற்றம் கடைசி. முதல் பேச்சை மட்டும் தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் டீ குடிக்கக்கூட நேரம் கிடைக்காது.