ஹாரிசன்ல இருந்து கேர் பிளான் வரைக்கும்: மெடிக்கல், நர்சிங் புக் பத்தி கேள்வி பதில்

நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், லைப்ரரிக்கு என்ன புக் வாங்கணும்னு பாக்குற வேலையும் என் தலையில தான். புக் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி வந்தத எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

நர்சிங் முதல் வருஷ மாணவி: அக்கா, சீனியர் ஒருத்தங்க அவங்களோட பழைய புக் எல்லாத்தையும் தர்றேங்குறாங்க, எல்லாம் பத்து பன்னெண்டு வருஷத்துக்கு முந்தினது, சிலது அதுக்கும் பழசு. வாங்கிக்கலாமா?

எந்த பாடம்னு பாத்து வாங்கு மா. அனாடமின்னா கண்ண மூடிட்டு வாங்கிக்கோ. கிரேஸ் அனாடமிங்கற உடலமைப்பு புக் முதல்ல வந்தது 1858ல, அன்னைக்கு தொடை எலும்பு எங்க இருந்துச்சோ இன்னைக்கும் அங்கயே தான் இருக்கு. பிசியாலஜியும் பெரும்பாலும் ஓகே. ஆனா ஃபார்மகாலஜி (மருந்து பத்தின பாடம்), ப்ரொசீஜர் (ஊசி, டிரெஸ்ஸிங் மாதிரி செய்முறை), எமர்ஜென்சி இந்த மூணுலயும் பழசு வேண்டவே வேண்டாம், சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

ஏன்னு ஒரு உதாரணம் சொல்றேன். சிபிஆர, அதாவது இதயம் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்குறத எடுத்துக்கோ. 2005க்கு முன்னாடி வந்த புக்ல பெரியவங்களுக்கு 15 தடவ நெஞ்ச அமுக்கி 2 மூச்சு குடுன்னு இருக்கும், 2005ல அது 30க்கு 2ன்னு ஆச்சு, 2010ல ஏர்வே (மூச்சு வழி), பிரீதிங் (மூச்சு), சர்குலேஷன் (ரத்த ஓட்டம்)ங்கற வரிசையே மாறி நெஞ்ச அமுக்குறது முதல்ல வந்துடுச்சு, 2015ல நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ, ஆழம் 5ல இருந்து 6 செ.மீ.ன்னு மேல் வரம்பும் சேந்துச்சு. இந்த நாலு காலத்து புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நாலும் வேற வேற சொல்லும், நாலும் அச்சான அன்னைக்கு சரி தான். அதே மாதிரி தசை ஊசி போடும்போது பிஸ்டன பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பாருன்னு பழைய ப்ரொசீஜர் புக் எல்லாத்துலயும் இருக்கும், தடுப்பூசிக்கு அது தேவையில்லன்னு இப்ப தெளிவா சொல்லிட்டாங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ, அட்டையில புது எடிஷன்னு போட்டிருந்தா உள்ள எல்லாம் புதுசுன்னு அர்த்தம் இல்ல. பெரிய புக்ல ஒவ்வொரு சாப்டரும் ஒவ்வொருத்தர் எழுதுறது. சாப்டரோட கடைசி பக்கத்துக்கு போயி ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இருக்குறதுலயே புதுசு எந்த வருஷம்னு விரல் வச்சு பாரு. புக் 2023, ஆனா அந்த சாப்டர்ல ரெஃபரன்ஸ் எல்லாம் 2014ஓட நின்னு போச்சுன்னா, அந்த சாப்டர் 2014ல எழுதினதுன்னு வச்சு தான் படிக்கணும். லைப்ரரிக்கு வாங்கும்போது நான் முதல்ல பாக்குறதே அத தான், அட்டைய அப்புறமா தான் பாப்பேன்.

எம்பிபிஎஸ் மூணாவது வருஷம்: மேடம், ஹாரிசன் (பொது மருத்துவத்துக்கான பெரிய டெக்ஸ்ட் புக்) முழுசா படிச்சாகணுமா? பயமா இருக்கு.

வேண்டாம் தம்பி. முழுசா படிச்சேன்னு யாராவது சொன்னா ஒரு சாப்டர் பேர சொல்லி ரெண்டு கேள்வி கேட்டு பாருங்க. 1950ல முதல் எடிஷன் வந்ததுல இருந்தே அது தேடி பாக்குறதுக்கான புக், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டி படிக்கிறதுக்கு டேவிட்சன் மாதிரி சின்னதா ஒரு மெடிசின் புக் போதும். காலைல வார்டுல ஒரு பேஷன்ட பாத்தீங்களா, சாயங்காலம் அந்த நோய மட்டும் ஹாரிசன்ல படிங்க, அந்த முகத்தோட சேந்து மனசுல நிக்கும்.

பிசியாலஜிக்கு கைட்டன்ங்கற டெக்ஸ்ட் புக் ஏன் அவ்ளோ சரளமா போகுதுன்னு இன்னொரு தம்பி கேட்டிருந்தாரு, அதையும் இங்கயே சொல்லிடுறேன். முதல் எட்டு எடிஷனையும் ஆர்தர் கைட்டன் ஒரே ஆளா எழுதினாரு. சர்ஜன் ஆகணும்னு டிரெய்னிங்ல இருந்தவர், 1946ல போலியோ வந்து அந்த வழி அடைபட்டு போச்சு, அப்புறம் தான் முழுசா பிசியாலஜி பக்கம் வந்தாரு. நூறு பேர் சேந்து எழுதுற புக்ல விஷயம் கூட இருக்கும், ஆனா அந்த ஒரே குரல் கிடைக்காது.

பயிற்சி டாக்டர்: அமெரிக்கன் புக் ஒண்ணு, பிரிட்டிஷ் புக் ஒண்ணு மாத்தி மாத்தி படிக்கிறேன், மருந்து பேரும் லேப் வேல்யூவும் குழப்பிடுது.

எல்லாருக்கும் ஆகுறது தான். அமெரிக்கன் பேர் முதல்ல, பிரிட்டிஷ் பேர் அடுத்து சொல்றேன்: அசிட்டமினோஃபென்னா பாராசிட்டமால், எபிநெஃப்ரின்னா அட்ரினலின், ஆல்பூட்டெரால்னா சால்பூட்டமால், மெப்பெரிடின்னா பெத்திடின். யூனிட்டுக்கு ரெண்டு கணக்கு போதும்: சர்க்கர மி.கி/டெ.லி.ல இருந்தா 18ஆல வகுத்தா மி.மோல்/லிட்டர் (126ன்னா 7), கிரியாட்டினின் மி.கி/டெ.லி.ய 88.4ஆல பெருக்குனா மைக்ரோமோல்/லிட்டர். புக்கோட முதல் பக்கத்துலயே பென்சில்ல எழுதி வச்சுக்கங்க.

ஐசியு ஸ்டாஃப் நர்ஸ்: சிஸ்டர், புக்ல ஒரு டோஸ் போட்டிருக்கு, எங்க வார்டு ப்ரோட்டோகால்ல (வார்டுல எழுதி வச்ச நடைமுறை) வேற டோஸ் இருக்கு. எத நம்புறது? புக் எழுதினவங்க பெரிய ஆளுங்க ஆச்சே?

நல்ல கேள்வி சிஸ்டர், இதுக்கு கொஞ்சம் நீளமா தான் பதில் சொல்லணும். டெக்ஸ்ட் புக்ல இருக்குற டோஸ் அந்த மருந்த புரிஞ்சுக்க, பேஷன்ட்டுக்கு ஏத்துறதுக்கு இல்ல. அதுக்குன்னு தனியா ஃபார்முலரின்னு, மருந்தும் டோஸும் மட்டும் பட்டியல் போட்ட ஒரு வகை புக் இருக்கு. பிரிட்டிஷ் நேஷனல் ஃபார்முலரி அச்சுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புதுசா வருது, பழசு செல்லாதுன்னு தூக்கி போட்டுடணும். டெக்ஸ்ட் புக் எழுதி, எடிட் பண்ணி, அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள வருஷக்கணக்கு ஆயிடும், அதுக்குள்ள மருந்து லேபிளே மாறியிருக்கும். ப்ரோட்டோகாலும் புக்கும் முட்டிக்கிச்சுன்னா நீங்களா ஒண்ண தேர்ந்தெடுக்காதீங்க, ஃபார்மசிஸ்ட்டுக்கு போன் போடுங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, கேட்டத எழுதி வைங்க. பெரிய ஆளு எழுதினாருங்கறதுக்காக அச்சுப்பிழை வராம இருக்காது.

அட்ரினலின்ங்கற எமர்ஜென்சி மருந்த பாருங்க. பழைய புக் எல்லாம் 1:1000, 1:10,000ன்னு விகிதத்துல தான் போடும். 1:1000ன்னா 1 மி.லி.ல 1 மி.கி, 1:10,000ன்னா 1 மி.லி.ல 0.1 மி.கி. அனாஃபிலாக்சிஸ்ல (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி) பெரியவங்களுக்கு தசையில 0.5 மி.கி, அதாவது 1:1000ல அர மி.லி. கார்டியாக் அரெஸ்ட்ல (இதயம் நின்னு போனா) ரத்தக்குழாய் வழியா, ஐவியா 1 மி.கி, அதாவது 1:10,000ல 10 மி.லி. ராத்திரி ரெண்டு மணிக்கு கை நடுங்கிட்டு இருக்கும்போது அந்த பூஜ்யத்த எண்ணி பாருங்க, ஒரு பூஜ்யம் தவறுனா பத்து மடங்கு. இந்த குழப்பத்துக்காகவே அமெரிக்காவுல 2016ல இருந்து லேபிள்ல விகிதத்த எடுத்துட்டு மி.கி/மி.லி. மட்டும் தான் போடணும்னு கொண்டு வந்தாங்க. உங்க வார்டு ஷெல்ஃப்ல விகிதம் மட்டும் போட்ட புக் இருந்தா பக்கத்துலயே மி.கி.ய எழுதி ஒட்டிடுங்க. நீங்க எழுதும்போதும் 1.0 மி.கி.ன்னு எழுதாதீங்க, புள்ளி மங்குனா 10. அர மி.கி.ய வெறும் .5ன்னு எழுதுனா 5. 0.5ன்னு எழுதணும்.

பெயர் வேண்டாம்னு கேட்டவர்: டெலிகிராம்ல எல்லா புக்கும் பிடிஎஃப்பா கிடைக்குது, அப்புறம் எதுக்கு வாங்கணும்?

சட்டம் பத்தி உங்களுக்கே தெரியும், நான் வேற விஷயம் சொல்றேன். ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்துன பிடிஎஃப்ல மைக்ரோங்கற சின்ன குறி காணாம போயி மைக்ரோகிராம் மில்லிகிராமா நிக்கும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். டேபிள்ல ஒரு வரி கீழ இறங்கி பக்கத்து மருந்தோட டோஸ் வந்து உக்காந்திருக்கும். படிக்கிறவருக்கு தெரியவே தெரியாது.

ஒழுங்கா, இலவசமா கிடைக்கிறதே ஏகப்பட்டது இருக்கு. என்சிபிஐ புக்ஷெல்ஃப்ங்கற அமெரிக்க அரசு தளத்துல ஆயிரக்கணக்குல புக் தெறந்தே கிடக்கு, ஸ்டேட்பேர்ல்ஸ்ங்கற மருத்துவ கட்டுரை தொகுப்பும் அங்கயே இருக்கு. ஓப்பன்ஸ்டாக்ஸ்ங்கற இலவச டெக்ஸ்ட் புக் தளத்துல நர்சிங்குக்கே தனி டெக்ஸ்ட் புக் வருது. உலக சுகாதார நிறுவனத்தோட கைடு எல்லாம் அவங்க ஐரிஸ் தளத்துல முழுசா கிடைக்கும். ஹினாரின்னு 2002ல ஆரம்பிச்ச திட்டம் ஒண்ணு, வருமானம் கம்மியான நாடுகள்ல இருக்குற காலேஜ், ஆஸ்பத்திரிக்கு இலவசமாவோ ரொம்ப கம்மியாவோ ஜர்னலும் புக்கும் தருது, தனி ஆளுக்கு கிடையாது, உங்க நிறுவனத்துக்கு உண்டான்னு லைப்ரரில கேளுங்க. இதெல்லாம் தேடி பாத்தும் கிடைக்கலன்னா அப்புறம் வாங்குறத பத்தி யோசிங்க.

எம்எஸ்சி நர்சிங்: மேம், தீசிஸ் ஆரம்பிக்கணும். ரிசர்ச் மெதடாலஜி புக் மூணு வாங்கிட்டேன், மூணுலயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாப்டர் வந்த உடனே மூடி வச்சிடுறேன். பி வேல்யூன்னா என்னன்னு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

மூணையும் ஓரமா வச்சுட்டு முதல்ல ஒரு நோட்டுல உங்க கேள்விய ஒரே வாக்கியத்துல எழுதுங்க மா. யாருக்கு, என்ன செஞ்சா, எதோட ஒப்பிட்டா, எது மாறும். அந்த வாக்கியம் வரலன்னா எந்த புக்கும் உதவாது. கேள்வி வந்தாச்சுன்னா எந்த டெஸ்ட் வேணும்ங்கறது அதுக்குள்ளயே முக்கால்வாசி இருக்கும், அந்த ஒரு டெஸ்ட்டோட சாப்டர மட்டும் படிச்சா போதும்.

பி வேல்யூ விஷயத்துல உங்க மேல தப்பு இல்ல, பல புக்ல தப்பா தான் போட்டிருக்கு. ரெண்டு குரூப்புக்கும் நிஜத்துல வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, நமக்கு கிடைச்ச அளவுக்கோ அதவிட பெருசாவோ வித்தியாசம் தெரியறதுக்கு எவ்ளோ வாய்ப்புங்கறது தான் பி வேல்யூ. "நம்ம முடிவு சரியா இருக்க 95 சதவீதம் வாய்ப்பு"ன்னு ஒரு புக் சொன்னா அந்த சாப்டர மூடிடலாம். 2016ல அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிக்கல் அசோசியேஷனே தனியா அறிக்கை விட்டு இத தெளிவுபடுத்துனாங்க, பி வேல்யூ எவ்ளோ பெரிய பலன்னு காட்டாதுன்னும் அதுல சொல்லியிருக்காங்க. பி வேல்யூ 0.05க்கு கீழ வந்துச்சுன்னு குதிக்கிறவங்க, வலி ஸ்கோர் 10க்கு 0.3 குறைஞ்சா படுக்கையில இருக்குறவருக்கு ஏதாவது தெரியுமான்னு யோசிக்கிறதே இல்ல, எனக்கு அதுல தான் கோவம்.

வாங்குறதுன்னா போலிட் அன்ட் பெக் ஒண்ணு போதும், நர்சிங்குக்குன்னே எழுதினது. மத்தவங்க பேப்பர படிக்க பழக கிரீன்ஹால் எழுதின ஹவ் டு ரீட் எ பேப்பர், சின்ன புக், கணக்குன்னா ஓடுறவங்களுக்கும் புரியும். எழுதுறதுக்கு முன்னாடி, முடிஞ்சா டேட்டா எடுக்குறதுக்கே முன்னாடி, ஆய்வ எப்படி எழுதணும்ங்கற செக்லிஸ்ட்ட இறக்கி பாருங்க: டிரையல்னா கன்சார்ட், கவனிச்சு பாக்குற ஆய்வுன்னா ஸ்ட்ரோப், சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னா பிரிஸ்மா. ஈக்குவேட்டர் நெட்வொர்க்ங்கற தளத்துல எல்லாம் இலவசம். சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தன பேர் வேணும்ங்கற) கணக்கு மட்டும் கடைசிக்குன்னு தள்ளி வைக்காதீங்க, அத பின்னாடி சரி பண்ணவே முடியாது.

தீசிஸ் முடிச்சவர்: உங்க தீசிஸ புக்கா போடுறோம், பைசா வேண்டாம்னு ஒரு பதிப்பகம் மெயில் அனுப்பியிருக்கு. போடலாமா?

வேண்டாங்க. அவங்க உங்க தீசிஸ படிச்சே இருக்க மாட்டாங்க, தலைப்ப மட்டும் பாத்து கும்பலா அனுப்புறது. எடிட்டிங் கிடையாது, ரிவ்யூ கிடையாது, பதிப்பு உரிமையும் அவங்களுக்கு போயிடலாம், அப்புறம் அதே டேட்டாவ நல்ல ஜர்னலுக்கு அனுப்பும்போது முன்னாடியே வெளியானதுன்னு திருப்பி விட வாய்ப்பு இருக்கு. ஐஎஸ்பிஎன் நம்பர் இருக்கேன்னு மயங்காதீங்க, அது யார் வேணா வாங்கலாம். முதல்ல ஒரு ஜர்னல் பேப்பரா ஆக்குங்க.

பிஎஸ்சி நர்சிங்: கேர் பிளான் (ஒரு பேஷன்ட்ட எப்படி கவனிக்கணும்னு எழுதுற திட்டம்) புக்க அப்படியே பாத்து எழுதுனா என்ன தப்பு? எல்லாரும் அத தான் பண்றாங்க.

எழுதும்மா, பாத்து எழுதாம எப்படி கத்துக்குவ. ஆனா மூச்சுத்திணறல் இல்லாத பேஷன்ட்டுக்கு மூச்சுத்திணறல் கேர் பிளான் எழுதிட்டு வராத, கட்டில் பக்கத்துல வந்து நின்னு நான் அத தான் கேப்பேன். நாண்டா லிஸ்ட் (நர்சிங் டயக்னோசிஸ் பட்டியல்) மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாறும், சிலது போகும், சிலது புதுசா வரும், அதனால உன் புக் எந்த வருஷ லிஸ்ட்னு பாத்துக்கோ. நைட்டிங்கேல் 1859ல நோட்ஸ் ஆன் நர்சிங் எழுதும்போதே இது நர்ஸுங்களுக்கு பாட புத்தகம் இல்லன்னு முன்னுரையிலயே சொல்லிட்டாங்க. ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம், பேஷன்ட கவனிக்கிறதுன்னா என்னன்னு அதுல இருக்குற அளவுக்கு பெரிய புக்ல இல்ல.

சர்ஜரி பிஜி: பெர்ன்கோஃப் அட்லஸ்ங்கற உடலமைப்பு பட புக் பத்தி சீனியர் ஒருத்தர் சொன்னாரு, நரம்பு படம் அதுல மாதிரி எங்கயும் இல்லன்னு. பயன்படுத்தலாமா?

படம் அற்புதம் தான், மறுக்க முடியாது டாக்டர். ஆனா அத உருவாக்குன எடுவார்ட் பெர்ன்கோஃப் நாஜி கட்சிக்காரர், வியன்னா அனாடமி துறையில இருந்தவர். முதல் தொகுதி 1937ல வந்துச்சு, பழைய பதிப்புல ஓவியர் கையெழுத்துலயே ஸ்வஸ்திகா இருக்கும். 1998ல வியன்னா பல்கலைக்கழகம் விசாரிச்சு, நாஜி காலத்துல மரண தண்டனை நிறைவேத்தப்பட்டவங்க உடல் 1,300க்கும் மேல அந்த துறைக்கு வந்ததா சொல்லுச்சு. அச்சு போடுறது 1990கள்லயே நின்னு போச்சு. வியன்னா ப்ரோட்டோகால்னு யூத அறநெறி பார்வையில ஒரு வழிகாட்டு இருக்கு, உயிர காப்பாத்த உதவும்னா பாக்கலாம், ஆனா எங்க இருந்து வந்ததுன்னு மறைக்கக்கூடாதுங்குது. என் கருத்தும் அதே. ஆபரேஷன் தியேட்டர்ல பாக்க வேண்டி வந்தா பாருங்க, கூட நிக்கிற ஜூனியருக்கு அது யாரோட உடல்னு சொல்லிட்டு பாருங்க.

கடைசி கேள்வி, நர்சிங் டியூட்டர் ஒருத்தர்: புக்ல தப்பு கண்டுபிடிச்சேன், ஒரு டேபிள்ல யூனிட் மாறி இருக்கு. யார்கிட்ட சொல்றது?

பதிப்பகத்தோட தளத்துல எர்ராட்டான்னு (பிழை திருத்தப் பட்டியல்) ஒரு பக்கம் இருக்கும், அங்க உங்க தப்பு ஏற்கனவே இருக்கான்னு பாருங்க. இல்லன்னா புக் பேர், எடிஷன், ஐஎஸ்பிஎன், பக்க எண், அந்த டேபிளோட போட்டோ எல்லாம் வச்சு எழுதுங்க, டோஸ் சம்பந்தப்பட்டதுன்னா தலைப்புலயே அத சொல்லுங்க. காப்பிரைட் பக்கத்துல கீழ 10 9 8 7 6 5 4 3ன்னு ஒரு வரிசை இருக்கும், அதுல ரொம்ப சின்ன நம்பர் தான் எத்தனாவது தடவ அச்சடிச்சதுங்கறது, இங்க மூணாவது. அதையும் சேத்து எழுதுங்க, நாலாவதுல திருத்தியிருக்கவும் கூடும். பதில் வர்ற வரைக்கும் லைப்ரரில இருக்குற காப்பி எல்லாத்துலயும் அந்த பக்கத்துல ஒரு சிவப்பு சீட்டு ஒட்டிடுங்க.