கண்ணகி கோயிலுக்குத் தாயாரை அழைத்துச் செல்வது பற்றி

வணக்கம். சித்திரா பௌர்ணமியன்று, தமிழக–கேரள எல்லை மலை மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, முழங்கால் வலியுள்ள தாயாரையும் இரு குழந்தைகளையும் கம்பத்திலிருந்து எந்த வழியில் அழைத்துச் செல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறும் பாதை உங்களுக்கு வேண்டாம். சுமார் 6 கிலோமீட்டர் செங்குத்தான காட்டு ஏற்றத்தை, பழக்கமில்லாத முழங்கால் தாங்காது. விடியும் முன்பே, கேரள எல்லையிலுள்ள குமுளிக்குச் சென்று கோயிலுக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் கோயில் என்பதால் வரிசை விரைவில் நீண்டுவிடும். ஜீப்பில் தாயாரை முன் இருக்கையில் அமர்த்துங்கள். பாதை முழுவதும் குலுக்கலும் செம்மண் புழுதியுமாக இருப்பதால், ஈரத் துண்டால் மூக்கை மூடிக்கொள்வது நல்லது. சென்ற முறை என் வெள்ளை வேட்டி இறங்கும்போது செங்கல் நிறமாகியிருந்தது. புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலை அனுமதிக்க மாட்டார்கள். எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.

மேலே சிதைந்த கற்சுவரருகே நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தாயாரை அங்கே சற்று நேரம் அமரவிடுங்கள். திரும்பும் வழியில், லோயர் கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.