கைக்குழந்தைக்குத் தனிப் பாய்

கேள்வி: மகனுக்கு ஏழு கிழமை. 36 கிழமையிலேயே பிறந்தவர், எடை 2.3 கிலோ. வீட்டில் ஒரே கட்டில், ஸ்பொஞ்ச் மெத்தை. பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடத்துகிறோம். மிட்வைஃப் அக்கா கூடாது என்கிறா. மாமியோ பச்சைப்பிள்ளையைத் தாயின் சூட்டிலிருந்து பிரிக்காதே என்கிறா. கணவர் சிகரெட் குடிப்பவர், ஆனால் வெளியில் போய்த்தான். (வாசகி, உப்புவெளி)

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. பிள்ளை குறைந்தது ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் படுக்க வேண்டும். ஆனால் ஒரே மெத்தையில் வேண்டாம். 37 கிழமைக்கு முன் பிறந்தது, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, புகைப்பவர் பக்கத்தில் படுப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே சேர்ந்து படுப்பது ஆபத்து. உங்கள் வீட்டில் மூன்றும் இருக்கின்றன. வெளியில் போய்ப் புகைப்பதால் அந்த ஆபத்து நீங்காது.

ஸ்பொஞ்ச் மெத்தை பெரியவர் பாரத்தில் பள்ளமாகும், பிள்ளை அந்தப் பள்ளத்துக்குச் சரியும். மூக்கு உங்கள் உடம்பிலோ தலையணையிலோ அழுந்தினால், நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு முகத்தைத் திருப்பி எடுக்கப் பலம் போதாது. மூக்கு முழுதாக அடைபடவும் தேவையில்லை. தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தாலே பிராணவாயு குறைந்துவிடும். அழுகைச் சத்தம்கூட வராது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நீங்களும் கட்டிலை விட்டு இறங்கி நிலத்தில் பாய் போட்டுப் படுங்கள். (சிசேரியன் என்றால் நிலத்திலிருந்து எழும்புவது கடினம். அப்போது உங்கள் கட்டிலருகே பிள்ளைக்குத் தனிச் சிறு கட்டில்தான் சரி.) பிள்ளைக்கு வேறு பன்பாய் விரித்து, இரண்டு பாய்க்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். பிள்ளையின் பாய் உங்கள் பக்கம் இருக்கட்டும், நடுவில் வேண்டாம். அதன்மேல் இரண்டாக மடித்த பருத்தி விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து, ஓரங்களைப் பாய்க்கடியில் செருகுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் அமிழக் கூடாது. தலையணை, சுருட்டிய துணி, பொம்மை எதுவும் வேண்டாம். மாரியில் நிலம் குளிர்ந்தால் கீழே இன்னொரு பாய் போடுங்கள், மெத்தை போடாதீர்கள். நுளம்பு வலை முகத்தில் தொங்காமல் இழுத்துக் கட்டி, அடியைப் பாய்க்குள் செருகினால் பூரானும் வராது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகல் நித்திரைக்கும் வலை வேண்டும்.

கழுத்தில் பஞ்சாயுதமோ கறுப்பு நூலோ இருந்தால் நித்திரைக்கு முன் கழற்றிவிடுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

திருகோணமலை வெக்கைக்கு ஒரு மெல்லிய சட்டை போதும். தொப்பி, காலுறை தேவையில்லை. கையும் காலும் குளிர்ந்திருப்பது வழமை. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது.

இரவில் பால் கொடுக்கும்போது கண் செருகும், அது எந்தத் தாய்க்கும் நடப்பது. அதனால் சோபாவிலோ சாய்மனைக் கதிரையிலோ இருந்து கொடுக்காதீர்கள். அங்கே பிள்ளையோடு அயர்வது கட்டிலில் அயர்வதைவிட மிக மோசம். பாயில் படுத்தபடி கொடுத்து, விழித்ததும் பிள்ளையை அதன் பாய்க்கு மாற்றுங்கள். தடிமனுக்கு நித்திரை வரச் செய்யும் குளிசை குடித்த இரவில் பாலூட்டியதும் பிள்ளையை மாற்ற இன்னொருவர் விழித்திருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று மாத மகள் ஏணையில்தான் உறங்குகிறாள். மல்லாக்கக் கிடத்தினால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா? (வாசகி, மூதூர்)

பதில்: போகாது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறுவதைவிட உணவுக்குழாய்க்கே திரும்புவது சுலபம். குப்புறப் படுத்தால்தான் நிலை தலைகீழாகும். 1994இல் அமெரிக்காவில் மல்லாக்கக் கிடத்தும் பிரசாரம் தொடங்கியபின், நித்திரையில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஏணைத் துணி வளைவாக இருப்பதால் நாடி (முகவாய்) நெஞ்சில் அழுந்தி மூச்சு வழி ஒடுங்கும். நீங்கள் பக்கத்தில் விழித்திருக்கும்போது ஆட்டித் தூங்க வையுங்கள், கண் அயர்ந்ததும் பாய்க்கு மாற்றுங்கள். புரள எத்தனிக்கத் தொடங்கினால் ஏணையை அவிழ்த்துவிடுங்கள். துணியால் சுற்றிக் கிடத்துவதையும் அன்றோடு நிறுத்துங்கள்.