படக்கதைப் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பையனுக்கு மூன்று வயது. கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை ஓரளவு பிடிபட வேண்டும். எழுத்தில் இல்லாத ஏதாவது படத்தில் இருந்தால் இன்னும் நல்லது. "பாட்டி சந்தைக்குப் போனாள்" என்று மட்டும் எழுதியிருக்கும். படத்தில் பாட்டிக்குப் பின்னால் ஒரு பூனை மீன் கூடையை நோட்டம் விட்டுக்கொண்டே வரும். நம் கண் வரியிலேயே இருக்கும், பூனையைப் பிள்ளைதான் கண்டுபிடிக்கும். அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் அதைத் தேடும், நம்மிடம் காட்டும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, கடையிலேயே இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லி முடிக்கும் புத்தகங்களை நான் வாங்குவதில்லை.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை. கடிக்கிறாள், கிழிக்கிறாள்.

பதில்: கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படம். கடிக்கட்டும்.

கேள்வி: "சென்றான், உண்டான்" என்று இருந்தால் மகளுக்குப் புரியவில்லை. மாற்றிச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. முதல் தடவை வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். கதை பழகியதும் அச்சில் இருப்பதை அப்படியே படியுங்கள். என்ன நடக்கிறது என்று படத்திலேயே தெரிவதால் எழுத்துத் தமிழும் காதில் ஏறிவிடும். பள்ளிப் பாடம் அந்தத் தமிழில்தான் வரும், அதனால் அடியோடு ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் அதே புத்தகம்தான் கேட்கிறான்!

பதில்: படியுங்கள். நடுவில் நிறுத்தினால் மீதி வரியை அவனே சொல்வான்.

கேள்வி: எங்கள் ஊரில் நல்ல கடை இல்லை. விலையும் கட்டுப்படியாகவில்லை.

பதில்: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். அதில் போட்டிருக்கும் 1 முதல் 4 வரையிலான நிலைகள் பிள்ளை தானாக வாசிப்பதற்கானவை. நீங்கள் படித்துக் காட்டுவதென்றால் ஒரு நிலை மேலேயே எடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. சென்னையின் தூலிகா தமிழ்–ஆங்கில இருமொழிப் புத்தகங்களும் போடுகிறது. அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு ஒரு மொழி என்றிருக்கும் வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளையை அங்கே ஒரு மணி நேரம் விடுங்கள். எதை இரண்டாவது தடவை கையில் எடுக்கிறதோ, அதை வாங்குங்கள்.