முத்திரை மைப் பேடில் ரீஃபில் மை ஊற்றியபின் அச்சு மொத்தையாக விழுந்தால்

பேடின் மேலே தேங்கிய மையை ஒற்றி எடுத்தால் போதும், புதுப் பேடு வாங்க வேண்டாம். ரீஃபில் விட்டபிறகு கோடுகள் தடித்து, பூ முத்திரையில் இதழ்களின் இடைவெளி அடைபடுகிறது என்கிறீர்கள். மை முழுவதையும் நடுவிலேயே ஊற்றியிருப்பீர்கள். ஃபெல்ட் துணி மையைப் பக்கவாட்டில் மெதுவாகத்தான் இழுக்கும். நடுவில் குளம் கட்டும், ஓரம் காய்ந்தே கிடக்கும்.

கையுறை போட்டு நடுவில் அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றி மை ஊறினால் அதிகம்தான். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் மையை ஓரங்களுக்குத் தள்ளுங்கள். பிறகு டிஷ்யூவை விரித்து லேசாக அழுத்தி எடுங்கள். தேய்த்தால் நார் ஒட்டிக்கொள்ளும். மூடி ஓர் இரவு விட்டு, கழிவுத்தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அடுத்தமுறை பரவலாகப் பத்துச் சொட்டில் தொடங்குங்கள்.

முத்திரையின் மேல் மை முத்துமுத்தாகத் திரண்டால் குறை பேடில் இல்லை. புது பாலிமர் முத்திரைகள் அப்படித்தான். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தால் மை பிடிக்கும்.

அட்டை விளிம்பில் ஒட்டிய மையை வீணாக்காதீர்கள். பீங்கான் தட்டில் சிறிது தண்ணீர் சேர்த்துத் தூரிகையால் பூசினால் வாட்டர்கலர் போல அருமையாகப் பரவும். வெயில்படும் சுவரில் மாட்டினால் மட்டும் வெளுக்கும்.

இதெல்லாம் தண்ணீரில் கரையும் டை (சாய) மைக்கு. பிக்மென்ட் (நிறமித் துகள் கலந்த) ரீஃபிலை டை பேடில் கலக்கவே கூடாது. அது கெட்டியானது, ஃபெல்ட்டை அடைத்துவிடும். பளபளப்பு அட்டையிலும் எளிதில் காயாது.